மருந்து உண்பவரும் மீண்டவரே



நியூயார்க்கில் போதை மீட்பு ஆலோசகனாகச் சேர்ந்திருக்கும் நீ, ஹெராயினைக் கைவிட வந்தவருக்கு மெதடோனைக் கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் மற்றொன்றைக் கொடுப்பதாகாதா என்று கேட்டிருக்கிறாய். இந்தச் சந்தேகம் தீராமல் நீ ஒருவருக்கும் ஆலோசனை சொல்லலாகாது; உன்னிடம் வருகிறவரின் வீட்டாரும் இதையேதான் கேட்பார்கள்.

நீ இருக்கும் அந்நகரிலேயே, 1964-ஆம் ஆண்டு, ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர், மேரி ஜீன் கிரீக் ஆகிய மூவரும் இச்சிகிச்சையைப் பரீட்சித்தபோது, அதுவரை அடுத்த ஊசியைத் தவிர வேறு சிந்தையற்றிருந்தவர்கள் படிப்பையும் தொழிலையும் பற்றிப் பேசலானார்கள். ஹெராயின் சில மணி நேரத்தில் ஏறி இறங்கி மனிதனை ஓயாமல் அலைக்கழிக்கிறது; மெதடோனோ, தக்க அளவில் அமைந்துவிட்டால், ஒரு வேளை மருந்தே ஒரு நாள் முழுவதும் தாங்க, மயக்கமும் தவிப்புமின்றி வாழ இடம் தருகிறது. மருந்தின்றி இருக்க இயலாமை வேறு, வாழ்வே சீரழியும் அடிமைத்தனம் வேறு என்பதை நீ பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மெதடோனைப் போலவே இச்சிகிச்சைக்குத் தரப்படும் மற்றொரு மருந்தான ப்யூப்ரினார்ஃபினைத் தொடங்கும் நாளில் உன் பொறுப்பு பெரிது. கொட்டாவி, கண்ணீர், மயிர்க்கூச்சு முதலிய விலகல் குறிகள் தோன்றுமுன் அதைக் கொடுத்தால், உடலிலிருக்கும் ஹெராயினை அது சட்டென்று விலக்கிக் கடும் வேதனையை வருவிக்கும். ஆகையால், கடைசியாக எப்போது எடுத்தீர் என்ற கேள்விக்கு, தண்டனைக்கு அஞ்சாமல் மெய் சொல்லும் தைரியம் சிகிச்சைக்கு வந்தவருக்கு உன்னால் பிறக்க வேண்டும். மாத்திரையை விழுங்காமல், நாவின் கீழ் முழுதும் கரையும்வரை, பேசாமல் வைத்திருக்கச் சொல். அம்மௌனத்தில் நீயும் அவரருகே அமர்ந்திரு.

எல்லாவற்றினும் நான் அஞ்சுவது, "இன்னும் எத்தனை நாள் இந்த மாத்திரை?" என்று சுற்றத்தார் நச்சரிக்க, நாணமுற்று அவர் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவதையே. பழைய அளவைத் தாங்கும் சக்தியை உடல் இழந்திருக்கும் நிலையில் மீண்டும் ஹெராயினை நாடினால், மூச்சடங்கிப் பிராணாபாயம் நேரக்கூடும். இந்நாளில் தெருவில் விற்கும் தூளில் ஹெராயினினும் வலிய ஃபெண்டானில் பெரும்பாலும் கலந்திருப்பதால் அபாயம் இன்னும் மிகுதி. நிறுத்துவதானால் மருத்துவரோடு கலந்து, வெகு நிதானமாகவே நிறுத்த வேண்டும். வருஷக்கணக்கில் தொடர்வதிலும் இழுக்கில்லை.

வீட்டாரைத் தனியே அழைத்துப் பேசு. மூக்கில் பீய்ச்சும் நலாக்ஸோன் மருந்தை வீட்டில் வைத்திருக்கவும், மூச்சு தளர்ந்தால் உடனே அதைச் செலுத்திவிட்டு ஆம்புலன்ஸை அழைக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடு. அதை இந்த வாரமே செய்.