கார் வாங்குமுன் ஒரு கணக்குப் பாடம்

சென்ற மாதம் ஈரோட்டுப் பக்கத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வேலை முடிந்து புறப்படும் வேளையில் இருவர் நம்மிடம் வந்தனர். ஒருவர் அச்சங்கத்தின் அங்கத்தினர். போர்வைக் கட்டுகளை ஊர் ஊராகக் கொண்டு சென்று கடைகளுக்குப் போடுபவர். மற்றவர் அவ்வூர்க் கடன் சங்கத்தின் அங்கத்தினர்; நான்கு ஏக்கரில் மஞ்சள் பயிரிடுபவர். இருவர் கையிலும் ஒரே இரண்டு வண்டிகளின் விளம்பரத் தாள்கள் இருந்தன. ஒன்று மாருதி சுசுகி டிசையர். மற்றொன்று ஹோண்டா அமேஸ். “ஐயா, இவற்றில் எது நல்ல வண்டி? சொல்லுங்கள்” என்றனர்.

நாம் உடனே விடை கூறவில்லை. அதே ஊரில் நெசவாளர் ஒருவர், முன்பணம் குறைவு என்பதை மட்டும் பார்த்து ஒரு கார் வாங்கினார். மூன்றாம் ஆண்டில் தவணை கட்ட வழியின்றித் தம் இரண்டு தறிகளில் ஒன்றை விற்றார். வண்டியில் யாதொரு குற்றமும் இல்லை. போடாத கணக்கில்தான் குற்றம். ஆகவே அவ்விருவரையும் அமர்த்தி, தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டோம். அந்தப் பாடத்தை எல்லா அங்கத்தினர்களுக்கும் இங்கே தருகிறோம்.

அளவு ஒன்றாய் இருப்பது ஏன்?

இரண்டு வண்டிகளின் நீளமும் 3,995 மில்லிமீட்டர். இது தற்செயல் அன்று. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், 1,200 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் எஞ்சினும் உடைய காருக்கு வரிச் சலுகை உண்டு. 2008-இல் முதலில் வந்த டிசையர் இதைவிட நீளமானது. 2012-இல்தான் அதன் பின்புறத்தைக் குறுக்கி நான்கு மீட்டருக்குள் அடக்கினர். 2013-இல் வந்த அமேஸும் அவ்வளவிலேயே அமைந்தது. இவ்வகைப் பெட்ரோல் கார்களுக்குச் செஸ் உட்பட 29 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. எனவே பழைய விலைத்தாளை நம்பாமல் புதிய விலையை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

விலையை ஒப்பிடும் முறை

இப்போதைய டிசையர் 2024 நவம்பரில் வந்தபோது அதன் தொடக்க விலை 6,79,000 ரூபாய். அடுத்த மாதம் வந்த அமேஸின் தொடக்க விலை 7,99,900 ரூபாய். இதைக் கண்டு, ஒன்று மலிவு, மற்றது கிராக்கி என்று முடிவு கட்டலாகாது. அமேஸின் அடிநிலை வகையிலேயே தொடுதிரையும் பாட்டுக் கருவியும் இருந்தன. டிசையரின் அடிநிலை வகையில் அவை இல்லை. நூலின் நம்பரையும் சரிகையையும் பாராமல் இரண்டு சேலைகளின் விலையை மட்டும் ஒப்பிடுவோமா? சம வசதியுள்ள வகைகளை எடுத்து, ஷோரூம் விலையை விட்டு, பதிவு, சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த விலையையே ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிட்ட பின்னும் ஒரு வண்டிக்கு ஒரு லட்சம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடனாக 9 சதவீத வட்டிக்கு வாங்கி ஐந்தாண்டில் அடைத்தால், மாதம் சுமார் 2,076 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 1,24,500 ரூபாய். கடன் வாங்குவோருக்கு வித்தியாசம் ஒரு லட்சம் அன்று, ஒன்றேகால் லட்சம்.

ஓட்டத்தின் கணக்கு

சாதாரண கியர் வண்டிகளில், சான்றளிக்கப்பட்ட மைலேஜ் டிசையருக்கு லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், அமேஸுக்கு 18.65. இவை சோதனைக் கூடத்து எண்கள். சந்தைத் தெருவிலும் மேட்டுச் சாலையிலும் அவ்வளவு கிடைக்காது. முக்கால் பங்கு கிடைக்கும் என்று கொண்டால், முறையே சுமார் 18.6, 14 ஆகும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

போர்வை வியாபாரி ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுவார். டிசையருக்குச் சுமார் 1,290 லிட்டர். அமேஸுக்கு 1,714 லிட்டர். ஆண்டு வித்தியாசம் 42,400 ரூபாய். ஐந்தாண்டில் இரண்டு லட்சத்துக்கு மேல்!

மஞ்சள் விவசாயி ஓட்டுவது ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்தான். அவருக்கு முறையே 215 லிட்டர், 286 லிட்டர். ஆண்டு வித்தியாசம் 7,100 ரூபாய் மட்டுமே.

வண்டிகள் அவையே, மைலேஜும் அதுவே. ஆனால் ஓட்டம் மாறியதும் விடை மாறிவிட்டது. இதுவே இப்பாடத்தின் சாரம்.

பிற குணங்கள்

அமேஸின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், டிசையரில் மூன்று. நான்கு சிலிண்டர் எஞ்சினில் அதிர்வு குறைவு. கிளட்ச் இல்லாத வகையை விரும்புவோர்க்கு, டிசையரில் உள்ளது சாதாரணக் கியர்ப் பெட்டியையே தானாக இயக்கும் ஏ.எம்.டி. முறை, கியர் மாறும்போது சிறு குலுக்கல் தெரியும். அமேஸில் உள்ள சி.வி.டி. முறையில் அது இராது. டிக்கியின் கொள்ளளவு அமேஸில் 416 லிட்டர், டிசையரில் 382. ஆனால் பழுது பார்க்கும் நிலையங்கள் நாட்டிலேயே அதிகம் உள்ளது மாருதிக்குத்தான். சிற்றூர்வாசிகளுக்கு இது பெரிய அனுகூலம். பாதுகாப்பில், இரண்டிலும் எல்லா வகைகளுக்கும் ஆறு ஏர்பேக்குகள் உண்டு.

டிசையரில் சி.என்.ஜி. வகையும் உண்டு, அதன் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர். வியாபாரி இதைக் கேட்டதும் மகிழ்ந்தார். “வாயு உருளை டிக்கியில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். போர்வைக் கட்டை எங்கே வைப்பீர்கள்?” என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, பெட்ரோல் வகை என்று குறித்துக்கொண்டார்.

முடிவு

வியாபாரிக்கு டிசையரே ஏற்றது என்பது ஐயமின்றித் தெரிந்தது. விவசாயியின் தாயார் முதுகுவலிக்காரர். மாதம் இருமுறை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குச் செல்பவர். அவருடைய சுகத்துக்காக அமேஸை விரும்பினால், ஆண்டுக்கு ஏழாயிரம் கூடுவது வீண் செலவாகாது என்றோம். ஆயினும் ஒரு நிபந்தனை சொன்னோம். மஞ்சள் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. தவணையோ மாதந்தோறும் வருகிறது. ஆகவே மஞ்சள் விற்ற பணத்தில் பெரும்பகுதியை முதலிலேயே கட்டி, கடனைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். அது இயலாதாயின், 4,000 கிலோமீட்டருக்கு வாடகைக் காரே போதுமா என்றும் பார்க்க வேண்டும்.

அவர் சற்றுநேரம் யோசித்து, “அடுத்த அறுவடை வரை பொறுக்கிறேன் ஐயா” என்றார். பொறுப்பதும் ஒரு கணக்கின் விடையே.

சங்கக் கூட்டத்தில் விடை காண வேண்டிய வினாக்கள்:

1. உங்கள் வண்டி ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? ஒரு மாதம் பயணங்களைக் குறித்துவைத்துப் பன்னிரண்டால் பெருக்குக.

2. அந்த ஓட்டத்துக்கு இரண்டு வண்டிகளின் ஐந்தாண்டுப் பெட்ரோல் செலவு எவ்வளவு? அதனுடன் விலையையும் வட்டியையும் கூட்டுக.

3. தறியோ நிலமோ வருமானம் தராத மூன்று மாதங்களில் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்?

மூன்றாம் வினாவுக்கு விடை கிடைத்த பிறகே ஷோரூமின் வாயிற்படி ஏறுங்கள்.