கணக்குக் கட்டத்துக்குள் பூவேலை
(குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்கான பாடம்)



கம்ப்யூட்டர் என்று பேச்செடுத்தாலே நம் கூட்டங்களில் ஒரு குரல் வரும். "அதெல்லாம் படிச்ச புள்ளைங்களுக்கு. எனக்கு இந்த வயசுல எதுக்குங்க?" நாங்கள் போகிற ஊரிலெல்லாம் இதைக் கேட்கிறோம். 35 வயது அக்காவும் சொல்கிறார், 60 வயது அம்மாவும் சொல்கிறார். அதனால் இந்த மாதப் பாடத்துக்கு ஜப்பான் நாட்டிலிருந்து இரண்டு பேரை எடுத்துக்கொண்டோம். இரண்டு பேருமே 60 வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் கம்ப்யூட்டரில் படம் போட உட்கார்ந்தவர்கள். அதற்காக விலை கொடுத்து எதையும் வாங்கவில்லை. நம் ஊக்குநர்கள் வரவு செலவு ஏற்றுகிற அதே எக்செல் கணக்குத் தாளில்தான் வரைந்தார்கள்.

முதலாவது ஆள் தட்சுவோ ஹோரியுச்சி. 1940-ல் பிறந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது, 2000-ம் ஆண்டு வாக்கில், புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். படம் வரைவதற்கென்று விற்கும் மென்பொருள்கள் விலை அதிகம். காகிதம், பெயின்ட், தூரிகை வாங்கினாலும் செலவு. எக்செல் கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது. வேலை செய்த இடத்தில் மற்றவர்கள் அதில் அழகான வரைபடங்கள் போடுவதை அவர் பார்த்திருக்கிறார். அப்படியானால் இதிலேயே ஓவியமும் வரையலாமே என்று தொடங்கிவிட்டார்.

எக்செல்லில் கோடு, வட்டம், வளைவு போடும் வசதி ஒன்று உண்டு. அதில் ஒவ்வோர் இதழாக, ஒவ்வோர் இலையாக வடிவம் போட்டு, நிறம் நிரப்பி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மலை, மரம், செர்ரிப் பூ என்று வரைந்தார். பத்து வருஷத்தில் நாலு பேர் பார்க்கிற மாதிரி ஒரு படமாவது போட வேண்டும் என்பதுதான் அவர் தனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. 2006-ல் எக்செல் ஓவியத்துக்கென்றே நடந்த போட்டியில் முதல் பரிசு வாங்கினார். அவருடைய படத்தைப் பார்த்தால் தூரிகையால் தீட்டியது என்றுதான் நினைப்போம்.

இரண்டாவது ஆளைப் பற்றித்தான் நாம் நிறையப் பேசப் போகிறோம். பெயர் மசாக்கோ வகாமியா. 1935-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, 40 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். ஓய்வு பெறும் நேரத்தில் வீட்டில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. அம்மாவை விட்டு வெளியே நகர முடியாது. வீட்டிலிருந்தபடியே நாலு பேரோடு பேச என்ன வழி என்று யோசித்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. பெட்டியைப் பிரித்து, ஒயரை மாட்டி, எதிர்முனையில் இருக்கிறவரோடு பேசும் நிலைக்கு வரவே பல மாதம் ஆகிவிட்டது. முதியவர்களுக்கென்று இணையத்தில் இருந்த ஒரு சங்கத்தில் சேர்ந்து, தனக்குத் தெரிந்ததைப் பிறருக்கும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

நோயாளியை, முதியவரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிற உறுப்பினர்கள் நம் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அந்த அம்மாவுக்கு மாதச் சம்பள வேலை இருந்தது. கூலிக்குப் போய்விட்டு வந்து சோறாக்குகிற நம் நிலைமையும் அவர் நிலைமையும் ஒன்றல்ல. அதனால் "அந்தப் பாட்டியால முடிஞ்சுது, உன்னால ஏன் முடியல?" என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம். அவர் எப்படிச் செய்தார் என்பதை மட்டும் பார்ப்போம்.

கணக்கு வேண்டாம், டிசைன் போடுவோம்

தன் வயதையொத்த பெண்களுக்கு அவர் எக்செல் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். யாருக்கும் மனசு ஒட்டவில்லை. கூட்டல் கழித்தல் போட எங்களிடம் என்ன கணக்கு இருக்கிறது, இதில் என்ன சுவாரஸ்யம் என்றார்கள். ஆனால் அந்தப் பெண்களுக்குக் கைவேலை என்றால் பிடிக்கும். பின்னல், தையல், துணி டிசைன் எல்லாம் அவர்களுக்குப் பழக்கமானவை. வகாமியா அம்மா எக்செல் தாளைப் பார்த்தார். தாள் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது. பின்னலுக்கு மாதிரி போடும் கட்டத்தாளும் இப்படித்தானே இருக்கும்? எண் எழுதும் கட்டத்தில் நிறத்தை நிரப்பினார். கோட்டுக்கும் நிறம் கொடுத்தார். ஒரு சின்ன டிசைனை நகலெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். தாள் நிறைய டிசைன் வந்துவிட்டது.

இதற்கு 'எக்செல் ஆர்ட்' என்று பெயர் வைத்தார். அந்த டிசைன்களை அச்சடித்து விசிறி செய்தார், பை செய்தார். துணியில் அச்சாக்கி மேல்சட்டையும் தைத்துப் போட்டுக்கொண்டார். டிசைன் போடும் ஆசையில் உட்கார்ந்த பெண்கள், கட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, நகலெடுப்பது, ஒட்டுவது, சேமிப்பது என்று எக்செல் வேலையையும் கூடவே கற்றுக்கொண்டுவிட்டார்கள். பயிற்சி நடத்துகிற எங்களுக்கு இதுதான் பெரிய பாடம். வட்டிக் கணக்கிலிருந்து தொடங்கினால் தூக்கம் வருகிறது. கோலத்திலிருந்து தொடங்கியிருந்தால் வந்திருக்காதோ என்னவோ.

கட்டத்தில் நிறம் நிரப்பினால் படம் வருமா என்று சந்தேகம் இருந்தால் இதையும் கேளுங்கள். கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் நாம் பார்க்கிற எல்லாப் படமும் மிக நுண்ணிய கட்டங்களால் ஆனதுதான். 1984-ல் அமெரிக்காவில் மெக்கின்டாஷ் என்ற கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. அதன் திரையில் தெரிந்த குட்டிக் குட்டிப் படங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண். கலை படித்தவர், கம்ப்யூட்டர் வேலைக்குப் புதியவர். குறுக்கே 32, நெடுக்கே 32, ஆக 1,024 கட்டம்தான் ஒரு படத்துக்கு இடம். அவர் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, அதில் வரைந்து பார்த்தார். நூலை எண்ணிப் போடும் பூத்தையல் அவருக்கு முன்பே பழக்கம். அதனால் கட்டத்தில் படம் போடுவது புதிதாகத் தெரியவில்லை என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். வேண்டாததைப் போடும் குப்பைத்தொட்டிப் படம் அவர் போட்டதுதான்.

நாமும் ஒன்று போட்டுப் பார்ப்போம்

கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் எக்செல்லைத் திறந்து புதுத் தாள் எடுங்கள். கட்டங்கள் அகலமாக இருக்கும். 'ஏ' என்ற எழுத்துக்கு இடப்பக்கம், '1' என்ற எண்ணுக்கு மேலே, மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதை அழுத்தினால் தாள் முழுக்கத் தேர்வாகும். இப்போது 'ஏ', 'பி' இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டைப் பிடித்து இடப்பக்கம் இழுங்கள். எல்லாக் கட்டமும் ஒன்றாகக் குறுகும். சதுரமாகத் தெரிகிற இடத்தில் விட்டுவிடுங்கள்.

நம் கையில் இருக்கிற நேர்ப்புள்ளிக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1, 3, 5, 7, 5, 3, 1. முதல் வரிசையில் 'டி' கட்டம் ஒன்று மட்டும். இரண்டாம் வரிசையில் 'சி' முதல் 'இ' வரை. மூன்றாவதில் 'பி' முதல் 'எஃப்' வரை. நான்காவதில் 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு கட்டம். பிறகு அதே மாதிரி குறைந்துகொண்டே வந்து ஏழாம் வரிசையில் மறுபடி 'டி' மட்டும். கட்டங்களை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, மேலே பெயின்ட் வாளி போல இருக்கிற படத்தை அழுத்தி நிறம் கொடுங்கள். 25 கட்டத்தில் ஒரு டைமண்டு வரும்.

இனிமேல் வேலை சுலபம். 'ஏ1' முதல் 'ஜி7' வரை மொத்தமும் தேர்ந்தெடுத்து, 'கன்ட்ரோல்' பட்டனோடு 'சி' அழுத்தினால் நகலாகும். 'ஹெச்1' கட்டத்தில் போய் நின்று 'கன்ட்ரோல்' பட்டனோடு 'வி' அழுத்தினால் பக்கத்தில் இரண்டாவது டைமண்டு ஒட்டிக்கொள்ளும். 'ஏ8'-இல் ஒன்று, 'ஹெச்8'-இல் ஒன்று. நாலு டைமண்டும் வந்ததும் நடுவில் பாருங்கள். நாம் போடாத ஐந்தாவது டைமண்டு ஒன்று நிறமில்லாமல் தானாகவே நிற்கும். எண்ணினால் 24 கட்டம். அதற்கு வேறு நிறம் கொடுங்கள். தப்பாகிவிட்டால் 'கன்ட்ரோல்' பட்டனோடு 'இஸட்'. செய்தது அழிந்து பழையபடி ஆகிவிடும். கோலத்தை அழிக்கத் தண்ணீர் தெளிக்கிற மாதிரிதான். கம்ப்யூட்டர் கெட்டுப் போகாது.

ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்கள் 'கூகுள் ஷீட்ஸ்' செயலியிலும் இதைச் செய்யலாம். கட்டத்தைத் தொட்டு, மேலே 'ஏ' எழுத்துப் படம், அதில் 'செல்', அதில் நிறம். சின்னத் திரையில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இந்த மாதிரி மேட்டித் துணியில் கிராஸ் தையல் போடுகிறவர்களுக்கும், பாசிமணி கோக்கிறவர்களுக்கும் அப்படியே உதவும். ஒரு கட்டம் ஒரு தையல், ஒரு கட்டம் ஒரு மணி. வயர்கூடைக்கு நேராகப் பொருந்தாது. அதில் வயர் ஓடுகிற திசையிலேயே நிறமும் ஓடும் என்று கூடை பின்னுகிறவர்களுக்கே தெரியும்.

81 வயதில் ஒரு செயலி

வகாமியா அம்மா டிசைனோடு நிற்கவில்லை. கைப்பேசி வந்த பிறகு அவருக்கு ஒரு குறை. அதில் உள்ள விளையாட்டெல்லாம் வேகமாக விரல் ஓட்டுகிற இளையவர்களுக்கானவை. முதியவர்கள் விளையாடினால் தோற்றுத்தான் போகிறார்கள். தெரிந்த இளைஞர்களிடம் முதியவர்களும் ஜெயிக்கிற மாதிரி ஒரு விளையாட்டு செய்து கொடுங்கள் என்று கேட்டார். வயதானவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும், நீங்களே செய்யுங்களேன் என்று பதில் வந்தது. சரி என்று புத்தகம் வாங்கிப் படித்தார். செயலி எழுதத் தெரிந்த ஒருவர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி மியாகி என்ற பகுதியில் இருந்தார். அவர் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசியே சொல்லிக் கொடுத்தார். 2017 பிப்ரவரியில் 'ஹினாதான்' என்ற செயலி வெளியானது. அப்போது அம்மாவுக்கு வயது 81.

ஜப்பானில் மார்ச் 3 பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். நவராத்திரிக்குக் கொலு வைப்பது போல, படி கட்டிச் சிவப்புத் துணி விரித்துப் பொம்மை அடுக்குவார்கள். மேல்படியில் அரசரும் அரசியும். அடுத்து அரண்மனைப் பெண்கள் மூவர், இசைக்கலைஞர் ஐவர், அமைச்சர் இருவர். யார் எந்தப் படியில், எந்தப் பக்கம் என்பதற்கு முறை உண்டு. இந்த 12 பொம்மைகளைச் சரியான இடத்தில் வைப்பதுதான் விளையாட்டு. இளைஞர்கள் முறை தெரியாமல் தடுமாறுவார்கள். பாட்டிமார்கள் ஜெயிப்பார்கள்.

இதைவிட நாங்கள் கவனிக்கச் சொல்வது அவர் செயலியை அமைத்த விதம். வயதானவர்களின் விரல் காய்ந்திருக்கும். திரையில் இழுத்தால் நகராது. அதனால் இழுக்கிற வேலையே வைக்கவில்லை, தொட்டால் போதும். காது மந்தமானவர்களுக்காகச் சத்தத்தோடு எழுத்தும் வரும். அவசரப்படுத்தும் நேரக் கெடு கிடையாது. யார் கையில் இந்தச் செயலி போகும் என்று தெரிந்து செய்திருக்கிறார். பத்திரிகைகளில் செய்தி வந்து, 2017 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய செயலி தயாரிப்பாளர் மாநாட்டுக்கு அழைத்தார்கள். வந்தவர்களில் மூத்தவர் அவர்தான். 2018 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபையிலும் பேசினார். இந்தப் பெருமையெல்லாம் சரி. அந்தக் காய்ந்த விரல் விஷயத்தைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால், கைப்பேசியில் பணம் அனுப்பவோ இருப்பு பார்க்கவோ முடியாமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைக் கொடுத்து, ரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிற சகோதரிகள் நம்மில் எத்தனை பேர்? 'எனக்குப் புத்தி பத்தல' என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். எழுத்து பொடியாக இருப்பதும், வேலை செய்து காய்த்துப்போன விரலைத் திரை ஏற்காததும், முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளுவதும் நம் புத்தியின் குறை அல்ல. செய்தவர்கள் நம் விரலை நினைத்துப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் ஒவ்வொருவரும் சொல்லுங்கள். போனில் எந்த இடத்தில் கை நிற்கிறது? எந்தச் சொல் புரியவில்லை? எதற்காகப் போனை அடுத்தவரிடம் கொடுத்தீர்கள்? பிரதிநிதி இதைத் தீர்மான நோட்டில் எழுதட்டும். ஒரு தாளில் கைப்பேசித் திரை அளவுக்குக் கட்டம் வரைந்து, பட்டன் எவ்வளவு பெரிதாக, எங்கே, என்ன சொல்லோடு இருந்தால் நமக்குச் சரிப்படும் என்றும் படமாகப் போடுங்கள். செயலி வடிவமைப்பவர்களும் முதலில் காகிதத்தில்தான் வரைந்து பார்க்கிறார்கள். அந்தத் தாளைக் கூட்டமைப்புக்கு அனுப்பினால், பயிற்சி கொடுக்க வருகிறவர்களிடமும் வங்கிக்காரர்களிடமும் நாங்கள் எடுத்துக் காட்டுவோம்.

டிசைன் போட்டவர்கள் அச்சடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எக்செல் தாளின் கட்டக் கோடு தானாக அச்சில் வராது. தையலுக்குக் கோடு வேண்டுமென்றால் 'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'கிரிட்லைன்ஸ்' என்பதற்குக் கீழே 'பிரிண்ட்' என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். கறுப்பு வெள்ளை அச்சென்றால் நிறம் பிரித்துத் தெரியாது. சிவப்புக்கு 1, மஞ்சளுக்கு 2 என்று கட்டத்துக்குள் எண் போட்டுவிடுங்கள். மேலே சொன்ன நாலு டைமண்டு மாதிரியில் மொத்தம் 196 கட்டம். டைமண்டு நிறம் 100, நடுவில் 24, மீதி 72 துணியின் நிறம். நூலோ மணியோ வாங்கப் போகும்முன் இப்படி எண்ணிக்கொண்டு போங்கள்.