சட்டையின் பின்னே

மாணவர்களே! நெய்யாற்றின்கரைக் கடையில் நாம் வாங்கும் சட்டைக்குப் பின்னே நூற்போர், நெய்வோர், தைப்போர் எனப் பலர் உளர். கண்ணிகளாய்த் தொடரும் இவ்வரிசையே வழங்கல் சங்கிலி.

திண்டுக்கல் வட்டார ஆடை ஆலையொன்றில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் 2021ஆம் ஆண்டு கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் நீதி கேட்டது. 2022ஆம் ஆண்டு ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தாயிற்று. பெண்களுக்கு நேரும் தீங்கைத் தடுக்க ஆலை கடமைப்பட்டது. தவறினால், ஆடை வாங்கும் எச் அண்ட் எம், கேப் முதலிய அயல்நாட்டு நிறுவனங்கள் அதன்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. பயிற்சி பெற்ற பெண் தொழிலாளரே ஆலைக்குள் கண்காணித்தனர்.

தைக்குமிடத்தில் நேரும் தீங்குக்கு வாங்குவோரும் பொறுப்பாவர் என்பதே இதன் கருத்து.

பயிற்சி: உம் சட்டையைத் தைத்தவருக்கு ஐந்து வரிகளில் மடல் எழுதுக.