தொட்டி மரமும் உறைபனியும்

சின்ன அந்தமான் தீவின் கீழ்க்கரையில் இருப்பது ஹட் பே. நீலகிரி மலைமேல் இருப்பது உதகமண்டலம். இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.5 டிகிரிக்கும் 11.5 டிகிரிக்கும் இடையே அமைந்தவை. ஆயினும் ஹட் பேயில் உறைபனி என்பதே கிடையாது. உதகையிலோ டிசம்பர், ஜனவரித் திங்கள்களில் புல்வெளி விடியற்காலையில் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது?

முதற்காரணம் உயரம். உதகை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரி 6.5 டிகிரி குறையும். இரண்டாவது காரணம் கடல். ஹட் பேயின் ஈரக்காற்றும் மேகமும் நிலத்துக்குப் போர்வை போன்றவை. மேகமும் காற்றும் இல்லாத உதகை இரவில் அப்போர்வை இல்லை. நிலமும் இலையும் தம் வெப்பத்தை வானுக்கு வீசிக் குளிர்கின்றன. சுழி டிகிரிக்குக் கீழே சென்றதும் காற்றின் ஈரம் இலைமீது பனிக்கட்டியாகப் படிகிறது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஹட் பேயிலிருந்து குளிர்நாட்டுக்குப் படிக்கச் செல்லும் ஒருவர், அறைச் சன்னலில் போன்சாயாக ஓர் ஆலங்கன்றை வளர்க்கிறார் என்று கொள்வோம். வசந்தம் வந்ததென மகிழ்ந்து அதை வெளியே வைக்கிறார். ஒரே இரவு போதும். பல ஆண்டு உழைப்பு கருகிவிடும்.

நிலத்தில் நிற்கும் மரத்தின் வேரை மண் காக்கும். போன்சாய்த் தொட்டியோ ஆழமற்ற தட்டு. குளிர் எப்பக்கமும் தாக்கும். அதிலும் கொடியது தாமதித்து வரும் பனி. குளிர்காலத்தில் உறங்கும் மொட்டு குளிரைத் தாங்கும். விரிந்த இளந்துளிர் தாங்காது. ஆகவேதான் போன்சாய்க் கலை செழித்த ஜப்பானில், வசந்தத் தொடக்கத்திலிருந்து எண்ணி 88ஆம் இரவு, அதாவது மே 2ஆம் நாளையொட்டி, கழியும்வரை உழவர் பனிக்கு அஞ்சுவது வழக்கம்.

காக்கும் வழிகள் இவை:

1. வானம் தெளிந்து காற்று அடங்கிய மாலையில், தொட்டியைச் சுவரோரமாகக் கூரைக்குக் கீழ் வையுங்கள். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். ஆதலால் தாழ்ந்த இடம் ஆகாது.

2. பகலிலேயே நீர் ஊற்றுங்கள். ஈரமண் உலர்ந்த மண்ணைவிட மிகுதியான வெப்பத்தைச் சேர்த்து வைக்கும்.

3. துணியால் தரைவரை மூடுங்கள், விடிந்ததும் எடுத்துவிடுங்கள். 1848இல் அமைந்த உதகை அரசு தாவரவியல் பூங்காவிலும், மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார்ச் செடிகளால் மூடியே காக்கின்றனர்.

4. ஆல், அத்தி போன்ற வெப்பநாட்டு மரங்கள் நீர் உறையும் நிலைக்கு முன்னரே நலியும். அவற்றை வீட்டினுள் கொண்டுவருவதே நன்று. துளிர்த்த மேப்பிள் போன்றவற்றை ஓரிரவு மட்டும் குளிர்ந்த அறையில் வைத்தால் போதும்.

மீறிப் பனி தாக்கிவிட்டால் உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கருகிய கிளையிலும் உயிர் இருக்கக்கூடும். சில வாரம் பொறுத்து, பட்டையை நகத்தால் சிறிது கீறிப் பாருங்கள். பசுமை தெரிந்தால் மரம் மீண்டும் துளிர்க்கும்.