ஈசல் இறகு சொன்ன கதை

மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல்கள் பறக்கும். காலையில் தரை எங்கும் இறகுகள் கிடக்கும். பெருக்கித் தள்ளிவிடுவார்கள்.

அந்த இறகு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் தெரியும். இவை இறகின் நரம்புகள். இலையில் நரம்பு ஓடுவது போலத்தான். ஈயின் இறகில் நரம்புகள் ஒரு விதமாக ஓடும். தும்பியின் இறகில் வேறு விதமாக ஓடும். இதை வைத்துப் பூச்சியின் இனத்தை அடையாளம் காணலாம்.

ஈசல் என்பது இறகு முளைத்த கறையான். 5 கோடி ஆண்டுகளுக்கு முன் செத்த ஈசலையும் அடையாளம் காண முடியுமா? முடியும்.

கரியின் நடுவே பிசின்

குஜராத் மாநிலம், சூரத் மாவட்டத்தில் வஸ்தான், தட்கேஷ்வர் என்ற ஊர்கள் உள்ளன. அங்கே பழுப்பு நிலக்கரி வெட்டினார்கள். நெய்வேலியில் எடுப்பதும் இந்தக் கரிதான். கரியின் நடுவே மஞ்சள் நிறக் கட்டிகள் கிடைத்தன. அவை பழங்கால மரத்தின் பிசின்.

வீட்டில் புகை போடும் குங்கிலியமும் மரப் பிசின்தான். அந்த மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் அங்கே காடாக இருந்தன. வழிந்த பிசினில் பூச்சிகள் ஒட்டிக்கொண்டன. பிசின் அவற்றை மூடியது. பிறகு மண்ணில் புதைந்து கல் போல இறுகியது. இறகின் நரம்புகூட அழியவில்லை.

யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால், கரியோடு சேர்ந்து எரிந்திருக்கும்.

புதிய இனம் என்று எப்படித் தெரிந்தது?

அறிஞர்கள் பிசினைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இறகை அளந்தார்கள். தலையையும் காலையும் கவனித்தார்கள். ஏற்கெனவே தெரிந்த இனங்களோடு ஒப்பிட்டார்கள். எதனோடும் பொருந்தாதவற்றுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்.

2011-ல் இப்படி 4 புதிய இனங்களை அறிவித்தார்கள். அமெரிக்க அறிஞர்களோடு, லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் ஹுக்கம் சிங்கும் இந்த வேலையில் இருந்தார். ஓர் இனத்துக்குக் கறையான் ஆராய்ச்சியாளர் குமார் கிருஷ்ணாவின் பெயரை வைத்தார்கள்.

இதனால் என்ன பயன்?

ஒரு காலத்தில் இந்தியா கடல் நடுவே தனி நிலமாக இருந்தது. மெல்ல நகர்ந்து வந்து ஆசியாவோடு சேர்ந்தது. ஆகவே இங்கே வேறெங்கும் இல்லாத பூச்சிகளே இருந்திருக்கும் என்று பலர் எண்ணினார்கள். ஆனால் குஜராத் பிசினில் 700-க்கும் மேற்பட்ட பூச்சிகளும் சிலந்திகளும் கிடைத்தன. பலவற்றின் உறவினங்கள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்தவை. 2010-ல் இது வெளியானது. இந்தியா அவ்வளவு தனித்து இருக்கவில்லை என்று தெரிந்தது. நாட்டின் பழங்கதையைச் சிறு பூச்சிகள் திருத்திவிட்டன.

மாரிகுப்பத்தில் கிடைக்குமா?

கிடைக்காது. கோலார் தங்கவயல் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. 2001-ல் அதை மூடினார்கள். அங்குள்ள பாறை, எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. அதன் வயது சுமார் 270 கோடி ஆண்டுகள். அப்போது உலகில் பூச்சியே இல்லை.

ஆனால் மாரிகுப்பத்து மக்கள் வேலைக்காகப் பல ஊர்களுக்குப் போகிறார்கள். அங்கே கல் வெட்டும்போதோ, கிணறு தோண்டும்போதோ இலை, கிளிஞ்சல், இறகு போன்ற தடம் தெரியலாம். கல்லை உடைக்காதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். பக்கத்துக் கல்லூரியில் காட்டுங்கள். எந்த இடத்தில் கிடைத்தது என்று தெரியாவிட்டால், கல்லின் மதிப்பு பாதி போய்விடும்.

பேசிப் பாருங்கள்

1. ஈசல் இறகையும் ஈயின் இறகையும் ஒப்பிடுங்கள். என்ன வேறுபாடு?
2. மாரிகுப்பம் பாறையில் பூச்சித் தடம் ஏன் இல்லை?
3. கல் கிடைத்த இடத்தை ஏன் எழுதி வைக்க வேண்டும்?