சிறார்க்கு நாளொரு பாடம்

கல்வியை ஒரே நாளில் குதிரில் கொட்டி நிரப்பும் நெல்லாகக் கருதுவார் உளர். இளஞ்சிறார் கல்வி அத்தகையதன்று. அது நாற்றங்காலுக்குப் பாய்ச்சும் நீரை ஒப்பது. அளவாக நாடோறும் பாயின் நாற்று நிமிரும். மிகுதியாக ஒருங்கே பாயின் அழுகும். மொழி, கணக்கு, பூமிநூல், வரலாறு, இயற்கை, கைத்தொழில் எனப் பாடங்கள் பலவாகிய இக்காலத்தில், ஐந்து முதல் எட்டு ஆண்டு நிரம்பிய குழந்தைகளுக்கு அவற்றை நாளும் சிறிது சிறிதாகப் புகட்டுமாறு எங்ஙனம் என்பதனை, யாம் கற்றவற்றானும், தாமிரபரணிக் கரையில் ஆறு நாள் கற்பித்துப் பட்டறிந்தவற்றானும் ஈண்டு ஆராய்வாம்.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். திண்ணைப் பள்ளியில் குழந்தை முதற்கண் மணலில் விரலால் எழுதியது. கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அதற்குக் கிடைத்தன. முன்னே கற்ற சட்டாம்பிள்ளை பின்னே வந்த சிறுவர்க்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரிலிருந்த ஆண்பிள்ளைகள் அநாதைச் சாலைப் பள்ளியை மேற்பார்க்க வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதுதலைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். பின்னர் 1797-இல் இலண்டனில் அதனைப் பற்றி ஒரு நூல் வெளியிட, அது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் பலவற்றிற் பரவிற்று. நம் திண்ணையின் மணல் கடல் கடந்து சென்றது என்று இதனைக் கூறலாம்.

எனினும், திண்ணைக் கல்வி குறையற்றது என்று யாம் கூறேம். அது நினைவை வளர்த்தது. ஆனால் பொருளைப் பெரும்பாலும் பிற்காலத்திற்கு ஒதுக்கி வைத்தது. எண்சுவடியை ஒப்பிக்க வல்ல சிறுவன் உலகின் வடிவை அறியான். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து பள்ளிகள் பல நிறுவிய இரேனியுஸ் ஐயர் இக்குறையை உணர்ந்தவர். 1832-இல் அவர் ‘பூமிசாஸ்திரம்’ என்னும் நூலைத் தமிழிலேயே வெளியிட்டமை, பல துறைக் கல்வியும் தாய்மொழியிற் புகட்டற்குரியதே என்னும் கொள்கைக்குச் சான்றாகும். 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடக்க வகுப்புகட்குத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும், பாட்டு, கதை, விளையாட்டு, செயல் ஆகியவற்றின் வழியே பாடத்தைக் கொண்டு செல்ல முயன்றது. ஆகவே, கொள்கையளவில் ஐயம் யாதும் இல்லை. செயலில் யாது நிகழ்கின்றது என்பதே வினா.

இவ்வினாவிற்கு எமக்கு விடை தந்தது ஒரு பெருந்துன்பம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அணைகளினின்று வந்த நீரும், ஊரிலேயே பெய்த மழையும், உடைந்த குளங்களின் நீரும் ஒன்றாய்க் கலந்து ஊர்களுட் புகுந்தன. கிறிஸ்து பிறப்புத் திருநாள் கழிந்த பின், ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த ஒரு சிற்றூர்க்கு வகுப்புத் தோழர் சிலருடன் சென்றோம். அரிசியும் துணியும் கொடுக்கவே சென்றோம். பெரியோர் வீட்டைக் கழுவிக்கொண்டிருக்க, குழந்தைகள் சேற்றில் நின்றனர். அவர்தம் புத்தகங்கள் ஊறி ஒட்டிக் கிடந்தன. ஊர்ப் பொதுக்கூடத்துத் திண்ணையில் அவர்களை அமர்த்திப் பாடம் சொல்லத் துணிந்தோம். புத்தகம் இல்லை, பலகை இல்லை, வண்டல் மட்டும் வேண்டிய அளவு இருந்தது.

முதல் நாள் முற்பகலில் யாம் தோற்றோம். ‘ஆற்றின் பயன்கள்’ என்று தொடங்கி, உழவு, குடிநீர், மீன்வளம் என நெடுநேரம் அடுக்கினோம். ஏழு ஆண்டு நிரம்பிய ஒரு சிறுமி எம்மை நோக்கி, “எங்க வீட்டுக்குள்ள வந்துச்சே, அந்த ஆறுதானே அண்ணே?” என்றாள். யாம் விடையிறுக்க இயலாது நின்றோம். அக்குழந்தை அறிந்த ஆறு வேறு. யாம் கூறிய ஆறு வேறு. குழந்தையின் நெஞ்சில் உள்ளதைத் தொடாது தொடங்கும் பாடம், எத்துணை உண்மையாயினும், காதின் வெளியே நின்றுவிடும் என்பதனை அன்று அறிந்தோம். பிற்பகலில் பேச்சை விடுத்து, வண்டலைத் திண்ணையிற் பரப்பி, ‘ஆறு’ என்று விரலால் எழுதச் செய்தோம். நதியும் ஆறு, ஐந்தின் மேல் ஒன்றும் ஆறு, வழியும் ஆறு. இம்மூன்று பொருளையும் வைத்து மும்மூன்று வாக்கியம் சொல்லச் செய்தோம். பின்னர் ம என்னும் எழுத்தைக் காட்டி, மண், மணல், மழை, மரம் எனக் கண்முன் உள்ளவற்றையே எழுதினர். அது மொழிப்பாடம் ஆயிற்று.

இரண்டாம் நாள் கணக்கு. சுவரில் வெள்ளம் நின்ற அளவு கறையாய்த் தெரிந்தது. அதனைச் சாணால் அளக்கச் சொன்னோம். ஒருவன் ஒன்பது சாண் என்றான். அவன் தமக்கை எட்டு என்றாள். எம்முள் ஒருவர் அளக்க ஆறு ஆயிற்று. “சுவர் ஒன்றே, விடை ஏன் மூன்று?” என்று வினவினோம். சிறிது நேரம் பூசலிட்டபின், கைகள் ஒத்தன அல்ல என்பதனை அவர்களே கூறினர். அளவுகோல் எற்றுக்கு என்பதனை இனி யாரும் அவர்கட்கு விளக்க வேண்டா. பின்னர்ப் புளியங்கொட்டை எட்டினை வரிசையாக வைத்து, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் பெயர் சொல்லி எண்ணினோம்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். “நம் ஊர் அணை எத்தனையாவது?” என்றதற்கு, “கடைசி” என்றனர் சிலர், “எட்டாவது” என்றனர் சிலர். இரண்டும் சரியே என்றதும் பெரிதும் மகிழ்ந்தனர்.

மூன்றாம் நாள் பூமிநூல். கூடத்து முற்றத்தில் மேற்கே ஈரமண்ணாற் பொதிகை மலையைக் குவித்தோம். கிழக்கே ஒரு குழி. அது புன்னைக்காயலை அடுத்த கடல். இடையே ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடும் ஆற்றை எட்டு முழ வாய்க்காலாகக் கீறினோம். மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சீவலப்பேரி அருகே வந்து கூடும் சிற்றாறு ஆகியவற்றைக் குழந்தைகளே வந்து இணைத்தனர். பக்கத்தே சிறு குளங்கள் அமைத்துக் கரையிட்டனர். முதலில் ஒரு செம்பு நீர் வார்த்தோம். அது அமைதியாய் ஓடிக் கடல் சேர்ந்தது. பின்னர் நால்வர் ஒருங்கே நான்கு இடங்களில் வார்த்தனர், குளங்கள் மறுகால் பாய்ந்தன, கரைகள் உடைந்தன, ஓரத்தில் வைத்த தீப்பெட்டி வீடுகள் மிதந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் நாள் எம்மை வினவிய சிறுமி நெடுநேரம் பார்த்திருந்து, உடைந்த கரையைத் தானே உயர்த்திக் கட்டி, மீண்டும் நீர் வார்க்கச் சொன்னாள். ஆறு சினங்கொண்டு வந்ததன்று, வந்த நீர்க்கு இடம் போதவில்லை என்பதனை அவள் கண்ணாற் கண்டாள். அச்சத்திற்குக் காரணம் தெரியின் அச்சம் பாதி குறையும் என்பது பெரியோர்க்கும் பொருந்தும் உண்மையன்றோ?

நான்காம் நாள் வரலாறு. “இதற்கு முன் இவ்வாறு வெள்ளம் வந்ததுண்டா என்று ஆச்சியிடம் கேட்டு வாருங்கள்” என்று முன்னாளே பணித்திருந்தோம். பலரும் 1992-ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றிய செய்தியோடு வந்தனர். ஆச்சி காலத்திலிருந்து அவர்தம் ஆச்சி காலத்திற்கும், அங்கிருந்து இன்னும் பின்னுக்கும் ஏணிப்படி போல ஏறினோம். இறுதியில், அண்மையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகர் என்பவரும், 1899 முதல் அலெக்சாந்தர் இரீயா என்பவரும் தோண்டிக் கண்ட தாழிகளின் கதையைக் கூறினோம். ஒருகாலத்தில் கடற்றுறையாய் விளங்கிய கொற்கை இன்று கடலினின்று சில கல் தொலைவில் உள்நாட்டூராய் நிற்பது, ஆறு ஆண்டுதோறும் கொணரும் வண்டலால் என்றபோது, குழந்தைகள் தம் கையில் ஒட்டிய சேற்றையே நோக்கினர்.

ஐந்தாம் நாள் இயற்கையும் உடல்நலமும். கண்ணாடிக் குவளையிற் கலங்கல் நீரை எடுத்து அசையாது வைத்தோம். மணல் முதலிலும் வண்டல் பின்னரும் படிய, மேலே நீர் தெளிந்தது. “இது குடிக்கலாமா?” என்றோம். “குடிக்கலாம்” என்றனர் எல்லோரும். மற்றொரு குவளைத் தெளிநீரில் உப்பைக் கரைத்து, “உப்பு தெரிகின்றதா?” என்று கேட்டுச் சுவைக்கக் கொடுத்தோம். கண்ணுக்குத் தெரியாததும் நீரில் உண்டு என்பதனை நா உணர்த்திற்று. நோய்க்கிருமிகளும் அவ்வாறே மறைந்திருத்தலின், காய்ச்சிய நீரே குடித்தற்குரியது என்றோம். வெள்ளத்திற்குப்பின் கழிச்சல் நோய் பரவும் அந்நாளில் இது வெறும் பாடமன்று. மறுநாள் ஒரு தாய், தம் மகன் காய்ச்சாத நீரைத் தொடவும் மறுக்கின்றான் என்று எம்மிடம் குறைபோலக் கூறினார். எமக்கு அதைவிடச் சிறந்த மதிப்பெண் வேண்டுவதில்லை.

ஆறாம் நாள் கைவேலை. பனையோலையிற் காற்றாடியும் சிறு பெட்டியும் முடைந்தனர். இதில் குழந்தைகளே ஆசிரியர், யாம் மாணாக்கர். எம் முடைச்சல் கோணியதைக் கண்டு அவர் நகைத்த நகை, அவ்வூரில் யாம் கேட்ட முதற் பெருநகையாகும். பத்தமடைப் பாய் இவ்வாற்றங்கரைக் கோரையால் ஆவது என்பதனை இடையே கூறினோம். மாலையில், முதல் நாள் முதல் கற்றவற்றைப் பெரிய குழந்தைகள் சிறியவர்க்குச் சொல்லிக் கொடுத்தனர். பழைய சட்டாம்பிள்ளை முறை தானே உயிர்பெற்றது.

இவ்வாறு நாட்களாற் கற்ற நெறிகளைச் சுருக்கிக் கூறுவாம். ஒரு நாளைக்கு ஒரு பொருளே போதும்; அதனைப் பல துறையினின்றும் நோக்கலாம். பாடம் கையில் தொட்டறியும் ஒன்றில் தொடங்குதல் வேண்டும். ஆசிரியர் பேசும் நேரத்தினும் குழந்தை செய்யும் நேரம் மிக்கிருத்தல் வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை செயல் மாறுதல் நன்று. இன்றைய பாடம் நாளைய வினாவோடு முடிதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, குழந்தையின் வினாவைக் கேட்டபின்னரே ஆசிரியர் தம் விடையைத் தொடங்குதல் வேண்டும்.

பொருட்செலவு மிக்க கருவிகள் இல்லையே என்று வருந்தும் சிற்றூர்ப் பள்ளிகள் நம் பள்ளத்தாக்கிற் பல. அவை ஒவ்வொன்றின் அருகும் ஒரு குளமோ, கால்வாயோ, பனைமரமோ, பழங்கதை கூறும் ஆச்சியோ உண்டு. இவற்றினும் பெரிய நூலகம் சிறார்க்கு வேண்டுவதன்று. நம் கல்லூரி மாணாக்கர் விடுமுறைதோறும் தத்தம் ஊர்த் திண்ணையில் நாளுக்கு ஒரு மணி நேரம் அமர்வாராயின், எத்தனையோ குழந்தைகள் எழுத்தோடு பொருளையும் கற்கும். விடைபெற்ற நாளில் அச்சிறுமி எம்மை முற்றத்திற்கு அழைத்துச் சென்று, தான் உயர்த்திக் கட்டிய மண்கரை இரவு மழையிலும் உடையாது நின்றதைக் காட்டினாள். அதன்மேல், ‘ஆறு’ என்று விரலால் எழுதியிருந்தாள்.