பில் மிஷினுக்குப் பொறுப்பு யார்?



"கம்ப்யூட்டர் தெரிந்த பையன் இருக்கிறான், எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. நாமும் அப்படித்தான் இருந்தோம், 2025 செப்டம்பர் 22 வரை.

அன்று புதிய ஜி.எஸ்.டி. விகிதங்கள் அமலுக்கு வந்தன. குளியல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் 18 சதவீதத்திலிருந்து 5க்கும், நெய், வெண்ணெய் 12லிருந்து 5க்கும் இறங்கின. முந்தின நாள் ஞாயிறு. விகிதத்தை மாற்ற வேண்டிய பையனோ மாலை வரை குடோனில் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தான். (கரிசல் புழுதி உள்ளே போனால் பிரிண்டர் படும் பாடு நம்மூரில் யாருக்குத் தெரியாது!) இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, நடப்புக் கணக்கிலேயே 18 என்றிருந்ததையெல்லாம் மொத்தமாக 5 ஆக்கிவிட்டான். சலவைத் தூளுக்கு 18 மாறவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்த கணக்கப்பிள்ளையை யாரும் கேட்கவில்லை. பழைய கணக்குக்கு நகலும் இல்லை. மறுநாள் மதியம்தான் தவறு தெரிந்தது. கடைக்காரர்களுக்குப் போன சரக்குக்கு டெபிட் நோட் போட்டோம். ரொக்கத்துக்கு வாங்கிப் போனவர்களை எங்கே தேடுவது? அந்த 13 சதவீதம் நம் கைப்பணம்.

பையன் மேல் குற்றமில்லை. தராசு பிடிப்பவரையே பேரேடும் எழுதச் சொல்வோமா? நாம் அதைத்தான் செய்திருந்தோம்.

பெரிய கம்பெனிகளில் இதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். மிஷின் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கூப்பிட்டால் ஓடி வருபவர்கள் ஐ.டி. சப்போர்ட். மென்பொருளில் மாற்றம் செய்வது, சோதித்து வெளியிடுவது, கெட்டால் பழையபடி திருப்புவது டெவ்ஆப்ஸ் என்ற பிரிவின் வேலை. பெல்ஜியத்தில் 2009இல் நடந்த ஒரு கூட்டத்தை ஒட்டிப் பரவிய பெயர் இது.

பிரித்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி பிழையான ஒரு கோப்பை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். மாற்றம் அனுப்பியது ஓரிடம். ஒவ்வொரு மிஷினாக உட்கார்ந்து சரிசெய்தது பெரும்பாலும் அந்தந்த ஊர் சப்போர்ட் ஆட்கள். முதலில் சில மிஷின்களுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

நம் கடைக்கு இரண்டு ஆள் வைக்கக் கட்டாது. ஆனாலும் வேலையைப் பிரித்துவிட்டோம். பிரிண்டர், வயர், யூ.பி.எஸ். எல்லாம் பையன் பொறுப்பு. விகிதம், விலை, மென்பொருள் மாற்றம் எல்லாம் கணக்கப்பிள்ளை பொறுப்பு. அதற்கான பாஸ்வேர்டு அவரிடம் மட்டும். எந்த மாற்றமும் முதலில் குடோனிலுள்ள பழைய கம்ப்யூட்டரில், நகல் கணக்கில். பத்து பில் அடித்து ஆடிட்டரிடம் காட்டிய பிறகு, கடை சாத்தியபின் கவுண்டரில். அதற்குமுன் பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம். யார், என்றைக்கு, எதை மாற்றினார் என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சிக்கல் உண்டு. மாலை ஏழு மணிக் கூட்டத்தில் பில் நகராமல் நின்றால் அது யார் பொறுப்பு? இப்போதைக்கு, பையன் கால் மணி நேரம் பார்க்கிறான். அதற்குள் ஓடாவிட்டால் கணக்கப்பிள்ளையை எழுப்புகிறான். அதுவரை கைப்பில் புத்தகம்தான். கார்பன் தாளுடன் இரண்டு புத்தகம் கல்லாவுக்குக் கீழே எப்போதும் இருக்கிறது.